எங்கள் நம்பரை 'எமன்' என்று சேமித்து வைத்திருப்பவர்களுக்கு

அன்புள்ள கேபின் க்ரூ தோழியருக்கும் தோழர்களுக்கும்,

உங்கள் மொபைலில் எங்கள் நம்பர் என்ன பெயரில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். 'க்ரூ கன்ட்ரோல்' என்று ஒழுங்காகப் போட்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். 'எடுக்காதே' என்று போட்டிருப்பவர்கள் அதிகம். பயிற்சி வகுப்புக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண்ணின் போன் மேஜை மேல் கிடந்து அடித்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவன்தான் கூப்பிட்டிருந்தான். திரையில் 'எமன்' என்று வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் தாங்கவில்லை. எங்களுக்குச் சிரிப்பு.

குருகிராமில் ஒரு விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் க்ரூ ஷெட்யூலராகப் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்போது வேறு தொழில். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்த நிறுவனத்தின் க்ரூ மேஜையில் போய் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். உள்ளே இருந்தவரை சொல்ல முடியாததை வெளியே வந்த பிறகாவது சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல். உங்களுக்கும் எங்களுக்கும் போனில் நடக்கிற சண்டை, உண்மையில் நம் இருவருக்கும் நடுவிலான சண்டையே இல்லை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

இரவு ஒன்றே முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்து விடியற்காலை 4:50க்கு ஒரு ஏ320 கிளம்ப வேண்டும். கேபின் க்ரூ நால்வரில் ஒருவருக்குக் காய்ச்சல். 186 இருக்கை உள்ள விமானத்தில், ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற விதிப்படி நாலு பேர் இருந்தாக வேண்டும். ஷெட்யூலரின் திரையில் சென்னை பேஸின் ஸ்டாண்ட்பை பட்டியலில் மூன்று பெயர்கள். ஒருவரை மாலையே கோவை விமானத்துக்கு எடுத்தாகிவிட்டது. இன்னொருவரின் வருடாந்திரப் பாதுகாப்புப் பயிற்சி நேற்றோடு காலாவதி. அவர் பெயரைத் தொட்டாலே சிஸ்டம் சிவப்பில் கத்தும். மிச்சம் ஒரே ஒருவர், பம்மலில் இருக்கிறார். போன் அடிக்கிறது. அவருடைய அம்மா எடுக்கிறார்.

"அலோ, யாரு?"

"வணக்கம்மா, ஏர்லைன்ஸ்ல இருந்து பேசறேன். மேடம் இருக்காங்களா?"

"இப்பதான் தம்பி கண்ணசந்தா. கூப்பிடுவாங்களா கூப்பிடுவாங்களான்னு சாயங்காலத்துலேர்ந்து முழிச்சுக்கிட்டே கிடந்தா. எழுப்பணுமா?"

"எழுப்பணும்மா."

என் பக்கத்து இருக்கை டில்லிப் பையன்களுக்கு இந்த உரையாடல் வாய்க்காது. அவர்கள் 'குட் மார்னிங் மேம்' என்று ஆரம்பித்து, பிக்கப் நேரத்தைச் சொல்லி, அரை நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். தமிழ் தெரிந்ததால் எனக்கு அம்மாக்களோடு பேச வேண்டிவந்தது. அந்த அம்மா சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ரோஸ்டரில் அந்தப் பெண்ணுக்கு அன்று வீட்டு ஸ்டாண்ட்பை. காகிதத்தில் பார்த்தால் வீட்டில்தான் இருந்தார், பறக்கவில்லை, களைப்புக்குக் காரணமே இல்லை. ஆனால் போன் எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருப்பவருக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? ஸ்டாண்ட்பை நேரத்தில் ஒரு பகுதியையாவது பணி நேரக் கணக்கில் சேர்க்கும் விதிகள் பல நாடுகளில் இருப்பதற்குக் காரணம் இதுதான். 'பறக்கலாம்' என்று திரையில் காட்டுகிற பச்சைப் பட்டைக்கு அதெல்லாம் தெரியாது.

பிறகு நீங்கள் போனை வாங்குவீர்கள். கேட்கிற முதல் கேள்வி: "வேற யாருமே இல்லையா?" நாங்கள் சொல்கிற பதில்: "இல்ல மேம்." நீங்கள் நம்புவதில்லை. நம்பாததில் நியாயமும் உண்டு. வேறு ஆள் இருந்தும் சுலபமாக எடுக்கிறவரையே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிற சோம்பல் எங்கள் மேஜையில் இருந்தது. முனகாமல் வருகிறவருக்கு அடுத்த மாதமும் முதல் அழைப்பு. ஆனால் பெரும்பாலான இரவுகளில் 'இல்ல மேம்' என்பது சுத்தமான உண்மை.

அந்த அழைப்பு பதிவாகிறது. இரண்டு பக்கமும் அது தெரியும். அதனால் நீங்களும் சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரி பேசுகிறீர்கள், நாங்களும் அப்படியே. "நான் மறுக்கவில்லை, ஆனால்" என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். "உங்கள் டியூட்டி லீகல்தான் மேம்" என்று நாங்கள் முடிப்போம். அந்த 'லீகல்' என்ற வார்த்தையைக் கேட்டாலே உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருவது எனக்குத் தெரியும். சட்டப்படி சரி என்பதற்கும் உடம்புக்கு முடியும் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஷெட்யூலரிடம் சொல்ல வேண்டியதில்லை. அவனும் அந்த ராத்திரியில் நான்காவது காபியோடுதான் உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொரு விஷயம், உங்களில் பலருக்குத் தெரியாதது. உங்களுக்கு எஃப்டிடிஎல் இருக்கிறது. இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இத்தனை மணி ஓய்வு தர வேண்டும் என்று விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ எழுதி வைத்திருக்கிறது. உங்கள் மணிக்கணக்கைக் காவல் காக்கிற எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அமெரிக்காவிலும் இதே வேடிக்கைதான். விமானத்தை அனுப்பிவைக்கிற டிஸ்பாட்சருக்கு லைசென்ஸ் உண்டு, தொடர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து க்ரூவைத் தேடுகிற ஷெட்யூலருக்கு இரண்டும் இல்லை. அனுதாபம் தேடி இதைச் சொல்லவில்லை. தூங்காத ஒருவன், தூங்காத இன்னொருவரின் தூக்கக் கணக்கைப் பார்க்கிறான் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, ஸ்டாண்ட்பையில் ஏன் மூன்றே பேர்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு வீட்டில் தலையை எண்ணி அரிசி அளந்து கொடுத்துவிட்டு மாமனார் திண்ணைக்குப் போய்விடுகிறார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு விருந்தாளி வந்து நிற்கிறார்கள். அடுப்படியில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. நம் கதை அதுதான். ஆள் கணக்கை அளந்தவர் நம் போன் லைனில் ஒருபோதும் இருப்பதில்லை.

விமான நிறுவனங்களின் பெரிய செலவுகளில் ஒன்று பணியாளர்கள். அதனால்தான் ரோஸ்டர் போடுகிற மென்பொருளுக்கு அவ்வளவு பணம் கொட்டுகிறார்கள். அது முதலில் பேரிங் போடுகிறது: உங்கள் பேஸில் தொடங்கி, நாலைந்து விமானங்களைக் கோத்து, திரும்ப உங்கள் பேஸிலேயே முடிகிற ஒரு சங்கிலி. அதன் பிறகுதான் எந்தச் சங்கிலி யாருக்கு என்று பிரிக்கிறது. கோடிக்கணக்கான சாத்தியங்களில் செலவு குறைந்ததைத் தேடுவது அதன் வேலை. அதைப் பிரமாதமாகச் செய்கிறது. ஒரு மனிதரின் பணி நேரத்துக்கு விதி ஒரு உச்சவரம்பு வைத்தால், மென்பொருள் அந்த வரம்புக்குப் பத்து நிமிடம் கீழே கொண்டுபோய் அவரை நிறுத்தும். இதற்கு மேல் போனால் ஆபத்து என்று விதியை எழுதியவர் நினைத்தது, திட்டம் போடுகிறவருக்கு இலக்காகிவிட்டது. டில்லியில் ஜனவரி மூடுபனி விழுந்தாலோ, சென்னையில் மழை கொட்டினாலோ அந்தப் பத்து நிமிடம் எத்தனை நேரம் தாங்கும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னை விமான நிலையம் 4ஆம் தேதி மூடி மறுநாள் காலைதான் திறந்தது. அப்படிப்பட்ட நாளில் விமானம் ஒரு ஊரில், க்ரூ இன்னொரு ஊரில், அவர்கள் ஓய்வு முடிய இன்னும் ஆறு மணி நேரம். இதை நேர் செய்யக் கடைசியில் இருப்பது ஒரு போனும் இரண்டு காதும்தான்.

அந்தப் போனும் செயலிழந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் உதாரணம். 2022 கிறிஸ்துமஸ் சமயத்துப் பனிப்புயலில் எல்லா நிறுவனங்களுமே அடிபட்டன. மற்றவை சில நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் டிசம்பர் கடைசிவரை ஏறக்குறைய 16,700 விமானங்களை ரத்து செய்தது. விமானங்கள் இருந்தன, விமானிகள் இருந்தார்கள், கேபின் க்ரூவும் இருந்தார்கள். யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதுதான் நிறுவனத்துக்குத் தெரியவில்லை. ரத்து மேல் ரத்து விழ, க்ரூவை மறுபடி பொருத்தித் தருகிற மென்பொருளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 'நான் இங்கே இருக்கிறேன், என்னை ஏதாவது ஒரு விமானத்தில் போடுங்கள்' என்று சொல்வதற்காகக் கேபின் க்ரூ மணிக்கணக்கில் போனில் காத்துக் கிடந்தார்கள். மறுமுனையில் ஷெட்யூலர்கள் கையால் எழுதி ஆட்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் என்ன திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த அமைப்பு பழசாகிவிட்டது என்று தொழிற்சங்கங்கள் முன்பே எச்சரித்திருந்தன. அடுத்த வருட டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் போட்டது.

நம் ஊரில் 2025 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விமானிகளுக்கான புதிய பணி நேர விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டன. வார ஓய்வை 36 மணி நேரத்தில் இருந்து 48 ஆக்கிய பகுதி 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இரவில் தரையிறங்குவதை ஆறில் இருந்து இரண்டாகக் குறைத்த பகுதி நவம்பரில் வந்தது. தயாராக ஏறக்குறைய இரண்டு வருட அவகாசம். டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. விதி விமானிகளுக்கானது, கவுன்டரிலும் கேபினிலும் நின்று ஏச்சு வாங்கியவர்களுக்கும் அந்த விதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டிசம்பர் 5ஆம் தேதி டிஜிசிஏ என்ன செய்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற உத்தரவை உடனடியாகத் திரும்பப் பெற்றது. இண்டிகோவுக்கு இரவுப் பணி விதிகளில் தற்காலிக விலக்கும் கொடுத்தது. ஆள் போதாததற்கான விலை, ஆட்களின் ஓய்வில் இருந்து எடுக்கப்பட்டது.

அதே வருடம் ஜூனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பணி நேர, ஓய்வு விதிகள் மீறப்பட்டதற்காக ஏர் இந்தியாவின் க்ரூ ஷெட்யூலிங் பொறுப்பில் இருந்த மூன்று அதிகாரிகளை அந்த வேலையில் இருந்து நீக்கச் சொல்லி டிஜிசிஏ உத்தரவு போட்டது. மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் வெளிப்பட்டு, நிறுவனமே முன்வந்து தெரிவித்த மீறல்கள் அவை. உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று எத்தனை கைத்தட்டல் பறந்தது என்று கேள்விப்பட்டேன். தவறு செய்தவர் பதில் சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஷெட்யூலரை மாற்றினால் ஸ்டாண்ட்பை பட்டியல் நீளமாவதில்லை. புதிதாக வந்து உட்காருகிறவருக்கும் அதே மூன்று பெயர்தான்.

இனி, நீங்கள் எங்கள் மேல் வைத்திருக்கிற பெரிய குற்றச்சாட்டு: பாரபட்சம். லண்டன் லேஓவர் யாருக்கு, விடியற்காலை நாலு செக்டர் யாருக்கு? இதில் பணமும் இருக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. நம் நாட்டில் கேபின் க்ரூவின் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு பறக்கிற மணிக்கணக்கில் வருகிறது. வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், கதவு திறந்த விமானத்தில் இரண்டு மணி நேரம் பயணிகளைச் சமாதானப்படுத்தினாலும் அந்தக் கணக்கு ஓடாது. தரையில் செய்கிற வேலைக்குக் கூலி இல்லை என்ற இதே கோபத்தில்தான் 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் கேபின் க்ரூ வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைக்குத் திரும்பச் சொன்ன உத்தரவையும் முதலில் மீறினார்கள். ஆகவே ஷெட்யூலர் ஒரு பெயரை ஒரு கட்டத்தில் இருந்து இன்னொரு கட்டத்துக்கு இழுக்கும்போது, உங்கள் வீட்டு வாடகையையும் சேர்த்து இழுக்கிறார். நீங்கள் சந்தேகப்படாவிட்டால்தான் ஆச்சரியம்.

எங்கள் மேஜையில் துபாய் சாக்லேட் டப்பா குறைந்ததே இல்லை. யார் வைத்தது என்று கேட்கக் கூடாது, அது ஒரு மரியாதை. ஒரு டப்பா சாக்லேட்டுக்கு லண்டன் லேஓவர் கிடைக்காது, அது நிச்சயம். ஆனால் முகம் தெரிந்தவர் போன் செய்தால் 'பார்க்கிறேன்' என்று சொல்வதும், முகம் தெரியாதவரிடம் 'முடியாது' என்று சொல்வதும் நடந்தது, நடக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பெரிய மாநாடெல்லாம் கூட்டாமல் இதைச் சரிசெய்யலாம். யாருக்கு எத்தனை லேஓவர், எத்தனை ஸ்டாண்ட்பை, எத்தனை விடியற்காலை என்று மாதக் கடைசியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு பட்டியல் போட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மென்பொருளில் அந்த அறிக்கை ஒரு பட்டன் தூரத்தில் இருக்கிறது. அழுத்தத்தான் ஆள் இல்லை.

உங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது போனை எடுக்காமல் விடுவது, பிறகு 'நெட்வொர்க் இல்லை' என்பது. நெட்வொர்க் இல்லாத அந்த அரை மணி நேரத்தில் இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போட்டவர்களும் உண்டு. நாங்களும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறோம். நீங்கள் எடுக்காத அழைப்பு மேனேஜரின் வீட்டுக்குப் போவதில்லை. உங்களுக்கு அடுத்த பெயருக்குப் போகிறது. அவரும் உங்களைப் போல ஒருவர்தான், ஒருவேளை நேற்றும் அவரையே கூப்பிட்டிருப்பார்கள்.

சிக் லீவ் விஷயமும் அப்படித்தான். உடம்பு சரியில்லை என்றால் சரியில்லைதான், அதில் பேச்சில்லை. களைப்பாக இருக்கும்போதும், கோபமாக இருக்கும்போதும், வேறு நிறுவனத்தின் இண்டர்வியூ இருக்கும்போதும் அதே 'சிக்' என்ற ஒற்றைச் சொல்லைப் போடுவதில்தான் எனக்கு வருத்தம். 2022 ஜூலையில் ஒரே நாளில் இண்டிகோவின் பாதிக்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமானபோது, க்ரூ ஏர் இந்தியாவின் ஆளெடுப்புக்குப் போனதாகத்தான் செய்தி வந்தது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக சிக் சொன்னார்கள். இருபத்தைந்து பேரை நிறுவனம் வேலையை விட்டு அனுப்பியது. டில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி, திரும்ப எடுத்துக்கொண்டது. அவர்களுடைய குறைகள் உண்மையானவை. ஆனால் 'சிக்' என்று பதிவானது எல்லாம் மருத்துவக் கணக்கில் போய்விடுகிறது. களைப்பு என்ற கணக்கில் ஏறுவதில்லை. மேலே இருப்பவர் தாளைப் புரட்டினால், ரோஸ்டர் அருமையாக இருக்கிறது, க்ரூவுக்குத்தான் அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று தெரியும்.

களைப்பாக இருந்தால் களைப்பு என்றே சொல்லுங்கள். பதிவாகிற லைனில், அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். 'நான் ஃபடீக் ஆக இருக்கிறேன், பாதுகாப்பாகப் பறக்க முடியாது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஷெட்யூலர் 'லீகல்தான் மேம்' என்று சொல்லத் தயங்குவான். அவன் குரலும் பதிவாகிறதே. பிறகு ஃபடீக் அறிக்கையை எழுதிக் கொடுங்கள். முதல் அறிக்கைக்கு விளக்கம் கேட்டு மெமோ வரலாம். பத்துப் பேர் ஒரே பேரிங்கைப் பற்றி எழுதினால் அந்தப் பேரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி மாறிய பேரிங்குகளை நான் பார்த்திருக்கிறேன். மாற்றச் சொல்லி எங்களுக்கு மேலிடத்து மின்னஞ்சல் வந்த அன்று எங்கள் மேஜையில்தான் முதல் நிம்மதிப் பெருமூச்சு.

நல்ல மனதுள்ள ஷெட்யூலர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் கேபின் க்ரூவுக்குக் குறைந்தபட்ச ஓய்வு ஒன்பது மணி நேரமாக இருந்தது, அதையும் எட்டாகக் குறைக்க இடம் இருந்தது. பத்து மணி நேரம், குறைக்கவே கூடாது என்று 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதை விதியாக்க அவர்களின் விமானத் துறைக்கு 2022 அக்டோபர் வரை ஆனது. ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு நாலு வருடம், அதுவும் சங்கங்கள் விடாமல் துரத்தியதால். அந்த ஒரு மணி நேரத்தை எந்த ஷெட்யூலரும் தன் கருணையால் தந்திருக்க முடியாது. எழுத்தில் வந்த பிறகு எந்த ஷெட்யூலராலும் அதைப் பறிக்கவும் முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பேட்ச்சையும் ஓர் இரவு க்ரூ கன்ட்ரோலில் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் ஆட்களை ஒரு விடியற்காலை நாலு செக்டருக்கு உங்களோடு ஜம்ப் சீட்டில் அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். அது கிடைக்கிறதோ இல்லையோ, அடுத்த மாத ரோஸ்டர் வெளியாகும் அன்று உங்கள் பேஸ் மேனேஜருக்கு ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: இந்த மாதம் நம் பேஸில் தினமும் எத்தனை பேர் ஸ்டாண்ட்பை, போன மாதம் அவர்களில் எத்தனை பேரைக் கூப்பிட வேண்டிவந்தது? தனியாக அனுப்பாதீர்கள், பேஸில் உள்ள எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பிரதியை க்ரூ கன்ட்ரோலுக்கும் போடுங்கள். அந்த எண் அங்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதைக் கேள்வியாகக் கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் போனில் 'எமன்' ஆக இருந்தவர்களில் ஒருவன்